முதலில் மருத்துவமனைக்கு



வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இடையில் வந்த ஒரு கடிதம் அதற்குக் காரணம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழர் நெருக்கமாகக் குடியிருக்கும் ஒரு வெளிமாநிலப் பெருநகரிலிருந்து ஒரு சகோதரி அதை எழுதியிருந்தார். அவருடைய அண்டை வீட்டுப் பெண்ணுக்கு 19 வயது. தையல் கூடம் ஒன்றில் வேலை. ஓர் இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில் அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வீடு வந்து சேர்ந்தபோது இரவு மணி பதினொன்று. மகளைக் கண்ட தாய், செய்வதறியாது முதலில் அவளைக் குளிக்க வைத்தார். உடுத்தியிருந்த துணிகளைச் சோப்பு நீரில் ஊறப்போட்டார். அதன் பின்னரே அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார்.

மூவருமாக அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். "இது போலீஸ் கேஸ், கடிதம் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். காவல் நிலையத்தில், சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று என்றார்கள். அலைந்து திரிந்து, மறுநாள் நண்பகலில் ஓர் அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்கினார்கள். தாயை வெளியே நிறுத்தினார்கள். உள்ளே அந்தப் பெண்ணிடம், "இதற்கு முன் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அந்த மொழி அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் நன்றாகப் புரிந்தது என்கிறார் கடிதம் எழுதிய சகோதரி.

இவை நடந்து பதினோராம் நாள் எழுதப்பட்ட கடிதம் அது. அந்தப் பெண்ணும் தாயும் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தார். அவர்களுக்குத் தபாலில் உடனே பதில் அனுப்பிவிட்டேன். அதே பதிலை ஊர், தெரு, தொழிற்கூடம் முதலிய அடையாளங்கள் இன்றி இங்கே விரித்து எழுதுகிறேன். இந்த விவரங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

அந்தத் தாயை அதிகமாக வாட்டிய கேள்வி குளியலைப் பற்றியது. "நானே என் கையால் சாட்சியத்தை அழித்துவிட்டேனோ?" என்று கேட்டிருந்தார். அம்மா, தாங்கள் செய்தது எந்தத் தாயும் செய்யக்கூடியது. மருத்துவர்களும் அதை அறிவார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் ஒரு படிவம் உண்டு. சம்பவத்திற்குப் பின் குளித்தாரா, உடை மாற்றினாரா, சிறுநீர் கழித்தாரா, வாய் கொப்பளித்தாரா என்று அதில் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தடயம் எதுவும் கிடைக்கவில்லையென்றால் அதற்குரிய காரணம் ஆய்வகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் கேள்விகள். குளித்த பிறகும் உடலின் உட்பகுதிகளில் தடயம் இருக்கக்கூடும். சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை மாதிரிகளை எடுக்கவேண்டும் என்று அந்த நெறிமுறைகள் கூறுகின்றன. அதற்குப் பின் வந்தாலும் பரிசோதனையை மறுக்கக் கூடாது. காயங்களைப் பதிவு செய்யவேண்டும், சிகிச்சை அளிக்கவேண்டும்.

துணிகளைப் பற்றி ஒரு செய்தி. துவைக்காத துணி நெடுநாள் வரை தடயத்தைத் தாங்கியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டுவிடாதீர்கள். ஈரம் தங்கினால் தடயம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் மடித்துக் கொண்டுபோவது நல்லது. மருத்துவமனையிலும் அவற்றை நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டு முத்திரை வைப்பதே முறை. ஆடை களையும்போது பெரிய தாள் ஒன்றை விரித்து அதன் மேல் நிற்கச் சொல்வார்கள். உடையிலிருந்து உதிரும் மண், முடி, நூலிழை எல்லாம் அதில் விழும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். முன்னரே தெரிந்திராத பெண்ணுக்கு இது அவமானமாகத் தோன்றும். ஆகையால், இன்னின்னது செய்யப்போகிறோம், இன்ன காரணத்திற்காக என்று ஒவ்வொரு படியிலும் மருத்துவர் அவளுக்கு விளக்கிச் சொல்லவேண்டும்.

உடலில் காயமே இல்லையே என்றும் அந்தத் தாய் கலங்கியிருந்தார். அச்சத்தில் உறைந்துபோனவர் உடலிலும், மிரட்டப்பட்டவர் உடலிலும் காயம் காணப்படாமல் இருப்பது வழக்கத்திற்கு மாறானதன்று. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்று குற்றவியல் சட்டமே விளக்கம் சேர்த்திருக்கிறது. அந்த விளக்கம் எளிதில் வந்துவிடவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்தது, "போலீஸ் கடிதம்" என்ற தடை. இதை நம் மக்கள் சட்டமென்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், காவல் துறையினர் அனுப்பினால்தான் பரிசோதிப்போம் என்று மருத்துவமனை மறுத்ததை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே கண்டித்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பரிசோதனை காலந்தாழ்த்தக்கூடாத அவசரம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2013ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் வந்தபோது அது இன்னும் உறுதியாயிற்று. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக, கட்டணமின்றி, முதலுதவியோ சிகிச்சையோ அளிக்கவேண்டும். காவல் துறைக்குத் தகவல் சொல்லுவதும் மருத்துவமனையின் பொறுப்பு. காயப்பட்டு வந்தவளைத் தபால்காரியாக்கிக் காவல் நிலையத்துக்கு அனுப்புவது சட்டத்திற்கு முற்றிலும் தலைகீழானது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 357சி பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 397ஆம் பிரிவு. மீறினால் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் குடும்ப மருத்துவச் சீட்டுகளை வைத்திருக்கும் உறையின் மேல் எழுதி வையுங்கள். மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் நிற்கும்போது, வாதாடுவதைவிட எண்ணைச் சொல்வது எளிது. மருத்துவர்கள் தயங்குவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. பின்னாளில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அலைய நேருமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சத்தின் பாரத்தை அந்த இரவில் ஒரு பெண்ணின் மேல் ஏற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையும் முன்தேவை அன்று. பாதிக்கப்பட்டவர் தாமாகவே வரலாம், காவல் துறை அனுப்பலாம், நீதிமன்றம் அனுப்பலாம். எந்த வழியில் வந்தாலும் பரிசோதிக்க வேண்டும் என்பதே 2014ஆம் ஆண்டு நெறிமுறை. எல்லைக் காரணம் சொல்லிக் காவல் நிலையத்தார் திருப்பி அனுப்பியதும் தவறு. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், சென்றடைந்த காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டு, பின்னர் உரிய நிலையத்துக்கு மாற்றவேண்டும். இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாத கடுங்காவல் தண்டனை உண்டு. புகாரைப் பெண் அதிகாரி ஒருவரே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் '24 மணி நேரம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு தெளிவு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பழைய சட்டத்தில் 164ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இன்று அது 184ஆம் பிரிவு. குற்றத்தைப் பற்றிய தகவல் கிடைத்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்தப் பெண்ணை மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று அது கூறுகிறது. அந்தக் கெடு காவல் துறைக்கு உரியது. ஒரு நாள் கடந்துவிட்டதால் இனிப் போய்ப் பயனில்லை என்று வீட்டில் முடங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். பெண்ணுக்கு அப்படி ஒரு கெடுவைச் சட்டம் வைக்கவில்லை.

கையொப்பமிட்ட அந்தத் தாள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் சம்மதப் படிவமாக இருக்கவேண்டும். 184ஆம் பிரிவின்படி நடக்கும் பரிசோதனையின் அச்சாணியே சம்மதம்தான். சம்மதமில்லாமல் செய்யப்படும் பரிசோதனை எதையும் இந்தப் பிரிவு சட்டபூர்வமாக்காது என்று அதன் இறுதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். சம்மதம் பெறப்பட்டதையும், பரிசோதனை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும், காயங்களையும், மனநிலையையும், மரபணுச் சோதனைக்காக எடுத்தவற்றையும், ஒவ்வொரு முடிவுக்கும் உரிய காரணத்தையும் மருத்துவர் அறிக்கையில் எழுதவேண்டும். அந்த அறிக்கை ஏழு நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்குச் சேரவேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த கெடு.

சம்மதம் ஒரே மூட்டையன்று. சிகிச்சைக்குச் சரி, பரிசோதனைக்கு வேண்டாம் எனலாம். பரிசோதனைக்குச் சரி, இன்ன மாதிரியை எடுக்கவேண்டாம் எனலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். எதற்கு மறுத்தாலும் அந்தக் காரணத்தைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கக்கூடாது. காவல் துறைக்கு மருத்துவமனை தகவல் சொல்லியே தீரும். ஆயினும் வழக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு வற்புறுத்தக் காவல் துறைக்கு உரிமையில்லை. நெறிமுறைகளின்படி 12 வயது நிறைந்தவரிடமிருந்தே சம்மதம் பெறவேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்கலாம். 19 வயதுப் பெண்ணிடம், அவளுக்குப் புரியும் மொழியில் விளக்காமல் பெற்ற கையொப்பத்தைச் சம்மதமென்று சொல்ல என் நா எழவில்லை. பரிசோதனை ஆவணங்களின் பிரதி ஒன்றை இலவசமாகப் பெற அவளுக்கு உரிமை உண்டு. இன்றைக்கும் சென்று கேட்கலாம். கேளுங்கள்.

பெண் மருத்துவர் இல்லாததைப் பற்றிக் கடிதத்தில் கோபமாக எழுதியிருந்தீர்கள். 18 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வயது வந்த பெண்ணுக்குப் பெண் மருத்துவரை ஏற்பாடு செய்ய முயலவேண்டும். கிடைக்காவிடில் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு ஆண் மருத்துவர் பரிசோதிக்கலாம். பெண் மருத்துவர் வரட்டும் என்று மணிக்கணக்கில் காக்க வைப்பதும் சிகிச்சையை மறுப்பதாகவே முடியும். ஆனால் தாயை வெளியே நிறுத்தியது சரியன்று. மகள் விரும்பினால் அவர் உள்ளே இருக்கலாம். காவலர்தாம் உள்ளே இருக்கக்கூடாது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். "இதற்கு முன் பழக்கம் உண்டா?"

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், ஒரு காவல் நிலைய வளாகத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி காவலர்களால் கொடுமைக்கு ஆளானாள். வீட்டு வேலை செய்து பிழைத்த அநாதைப் பெண் அவள். அவளுடைய உடலில் காயமில்லை என்றும், அவள் முன்னரே உடலுறவுக்குப் பழகியவள் என்றும் மருத்துவ அறிக்கை சொல்லிற்று. உயர் நீதிமன்றம் தண்டித்த காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சிறுமியின் உடலைப் பற்றி மருத்துவத்தாளில் எழுதிய சில வரிகள் ஒரு வழக்கின் தலைவிதியை எவ்வாறு எழுதின என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அத்தகைய வரிகளை எழுதுவதற்கு மருத்துவர்கள் நெடுங்காலம் கையாண்டு வந்த முறைக்கு 'இரு விரல் சோதனை' என்று பெயர். பெண் முன்பே உடலுறவுக்குப் பழகியவளா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்டது. அறிவியல் ஆதாரம் எதுவும் அதற்கு இல்லை. பழகியவள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இரவில் அவள் சம்மதித்தாளா என்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? மணமான பெண்ணை வன்கொடுமை செய்தால் குற்றமாகாதா? பெண்ணின் ஒழுக்கத்தைக் குறை கூறி அவள் சாட்சியத்தைத் தகர்க்க இடமளித்த சாட்சியச் சட்ட விதி 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. முந்தைய உறவு பற்றிய சான்று சம்மதக் கேள்விக்குச் சம்பந்தமற்றது என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அழுத்தமாகச் சொன்னது. இரு விரல் சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றமும் அதே 2013இல் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டு நெறிமுறை அதைத் தடை செய்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை நிறுத்த உத்தரவிட்டது. அதன் பின்னும் 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதையே மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. இதைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராவார் என்று அப்போது அறிவித்தது. மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்திலிருந்தும் நீக்க வழி செய்யச் சொன்னது. இத்தனை முறை தடுக்கவேண்டியிருந்தது என்றால், எத்தனை அறைகளில் அது நடந்துகொண்டிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆகவே அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கவே கூடாது. கேட்டவர் பெயரைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு மேல் அப்பெண் விரும்பினால் மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம்.

நம் மொழியிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நாளிதழ்களிலும் மேடைகளிலும் நெடுங்காலமாகக் 'கற்பழிப்பு' என்றே சொல்லி வந்தோம். அந்தச் சொல்லும், இரு விரல் சோதனையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. 'கெடுத்துவிட்டான்', 'தப்பாக நடந்துகொண்டான்', 'மானம் போயிற்று' என்று மூடி மூடிச் சொல்லும் பழக்கம் மருத்துவமனையில் பெரிய இடராகிறது. என்ன நடந்தது என்பதைப் பொறுத்தே மருத்துவர் எந்தெந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று தீர்மானிக்கிறார். வாயிலா, பின்புறத்திலா, விரலாலா, வேறு பொருளாலா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். 2013 முதல் இவை யாவும் வன்புணர்ச்சி என்ற குற்றத்தின் வரையறைக்குள் வருகின்றன. மொழிபெயர்த்துச் சொல்லும் அண்டை வீட்டுச் சகோதரி கூச்சப்பட்டு ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், ஒரு மாதிரி எடுக்கப்படாமலே போகக்கூடும்.

பதினோராம் நாளில் செய்யக்கூடியது என்ன? சம்பவம் நடந்த முதல் 72 மணி நேரம் சிகிச்சையைப் பொறுத்தவரை விலைமதிப்பற்றது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் அதற்குள் கொடுப்பது நலம். ஐந்து நாள் வரை பயன் தரலாம். இவற்றில் எதையாவது அன்று கொடுத்தார்களா என்பதே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவணப் பிரதியை நான் வற்புறுத்திக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கொடுத்திருந்தால் அந்த மருந்து இடையில் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றாலும் இப்போது செய்யவேண்டியவை உண்டு: பால்வினைத் தொற்றுகளுக்குப் பரிசோதனையும் மருந்தும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, கர்ப்பப் பரிசோதனை, சில வாரங்கள் கழித்து மீண்டும் எச்.ஐ.வி. பரிசோதனை. மூன்றாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் மறுபடி வரச்சொல்லிப் பார்க்கவேண்டும் என்று நெறிமுறையே கூறுகிறது. அவள் உறங்குவதில்லை, வேலைக்குப் போக மறுக்கிறாள் என்று எழுதியதும் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியே. மனநல ஆலோசனையும் அந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கருவுற்றிருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். பெற்றோரோ வேறு எவருமோ கையொப்பமிட வேண்டியதில்லை. இப்பொருளில் நம் சபைகளில் உறுதியான கருத்துகள் உண்டு என்பதை அறிவேன். இங்கே கேட்கப்பட்டது சட்டம். ஆகையால் சட்டத்தைச் சொன்னேன்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராக இருந்திருந்தால் இன்னும் சில விதிகள் சேரும். முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டும். பிள்ளை நம்பிக்கை வைத்திருக்கும் ஒருவர் உடன் இருக்கவேண்டும். அவசரச் சிகிச்சைக்கு எந்த ஆணையையும் ஆவணத்தையும் முன்நிபந்தனையாக்கக் கூடாது. மேலும், குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஞாயிறு பள்ளி ஆசிரியரும், விடுதிக் காப்பாளரும், போதகரும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் சொல்ல இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்றையும் நம்மிடையே பேசியாக வேண்டும். இந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வாரமே மூன்று ஜெபக் குழுக்களின் கைப்பேசிகளில் அந்தப் பெண்ணின் பெயரோடு 'அவசர ஜெபக் குறிப்பு' சுற்றியதாம். அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் இக்குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவர் யாரென்று அறியக்கூடிய எந்த விவரத்தையோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1983 முதல் இருந்து வரும் இந்த விதி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. தையல் கூடத்தில் வேலை செய்யும் மகள், இன்ன தெரு என்று சொன்னால் போதும். பெயர் சொல்ல வேண்டியதே இல்லை. அனுப்பியவர்கள் அதை அழித்துவிட்டு, பெற்றுக்கொண்டவர்களையும் அழிக்கச் சொல்லவேண்டும். பெயர் குறிப்பிடாமலும் ஜெபிக்கலாமே.

நிவாரணத் தொகையும் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணுக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை வழங்கலாம். இடைக்கால உதவியும் கோரலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயே இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். பெண்களுக்கு அதற்கு வருமான வரம்பு இல்லை. தொலைபேசி எண் 15100. மகளிர் உதவிக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. வெளிமாநிலத்தவர் என்ற காரணத்தால் இவற்றில் எதுவும் மறுக்கப்படலாகாது. இந்த உரிமைகளில் சில, நம்மைப் போலப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் பட்ட பாட்டிலிருந்தே பிறந்தவை. 1993இல் ராஞ்சியிலிருந்து தில்லிக்கு ரயிலில் சென்ற வீட்டு வேலைப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையைத் தில்லி வீட்டுப் பணிப் பெண்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி, பெயர் மறைப்பு, இழப்பீடு ஆகியவற்றை நீதிமன்றம் 1994இல் வலியுறுத்தியது அந்த வழக்கில்தான்.

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு. "எனக்கு இந்த ஊர் மொழி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். அடுத்த முறை நான் உடன் போனால் பயன் உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஊர் மொழியும் தமிழும் நன்கு தெரிந்த, அந்தப் பெண் நம்பும் ஒரு பெண்மணியையும் அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளர் மனைவியோ, தையல் கூடத்து மேற்பார்வையாளரோ வேண்டாம். மொழிபெயர்ப்பவரிடம், கேட்டதைக் கேட்டபடியே சொல்லுமாறு முன்னதாகவே சொல்லிவையுங்கள். தாளில் கையொப்பமிடும் முன் அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், மருத்துவரின் பெயர், கொடுத்த மருந்து, அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு எவருக்கேனும் இப்படி முதல் நாள் துணைபோக நேர்ந்தால், ஒரு மாற்றுடையும் எடுத்துச் செல்லுங்கள். உடுத்தியிருக்கும் துணியை மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது உடுத்த ஒன்று வேண்டும்.